4கே மெமரில ரிஃபைனரிய எப்படிங்க ஓட்டினாங்க?

டிரெண்ட்_பேனா:

எல்லாருக்கும் வணக்கம். நான் இன்ஸ்ட்ருமென்டேஷன் ஆளு, டிசிஎஸ் (பிளான்ட்ட ஓட்டுற கன்ட்ரோல் சிஸ்டம்) ஸ்கிரீன் முன்னாடி உக்காந்து வேலை பாக்குறவன், ஒரு கார்டு செத்தா ரிடண்டன்ட் கார்டு (ஸ்பேரா ரெடியா நிக்குற கார்டு) தானா எடுத்துக்கும், நமக்கு ஒரு அலாரம் மட்டும் வரும், அவ்ளோதான் நம்ம கவலை. சமீபத்துல 1960கள்ல வந்த பிராசஸ் கன்ட்ரோல் கம்ப்யூட்டர் பத்தி படிக்க ஆரம்பிச்சேன், படிக்கப் படிக்க தலை சுத்துது. பிடிபி-8ங்குற மினிகம்ப்யூட்டருக்கு 12 பிட் வேர்டு (மெஷின் ஒரே தடவைல கையாளுற துண்டு), 4096 வேர்டு மெமரி, இன்னிக்கு பைட் கணக்குல பாத்தா 6 கேபி. ஒரு போட்டோ அனுப்பக்கூட பத்தாது. இத வெச்சு பிளான்ட் ஓட்டினாங்கன்னு சொல்றாங்க.

என் சந்தேகம் மூணு. ஒண்ணு, இவ்ளோ கம்மி மெமரில, இவ்ளோ மெதுவான மெஷின்ல நூறு லூப் (ஒரு அளவ படிச்சு ஒரு வால்வ திருத்துற சுத்து) எப்படி ஓடிச்சு. ரெண்டு, மெஷின் நின்னா பிளான்ட் என்ன ஆகும், அப்போல்லாம் ரிடண்டன்சின்னு ஏதாவது இருந்துச்சா. மூணு, பிஎல்சியும் (ஃபேக்டரி மெஷினுக்கு ஆன் ஆஃப் போடுற கன்ட்ரோலர்) டிசிஎஸ்ஸும் ரெண்டுமே இந்த மினிகம்ப்யூட்டரோட வாரிசுதான்னு என் கூட வேலை பாக்குறவர் அடிச்சு சொல்றாரு, அது சரியா? தெரிஞ்சவங்க கொஞ்சம் விளக்கமா சொல்லுங்க, பிராசசர் ஸ்பெக் எல்லாம் எங்க வேணா கிடைக்குது, எனக்கு வேண்டியது அந்த பெட்டிக்கும் வால்வுக்கும் நடுவுல என்ன இருந்துச்சுங்குறது.

பழைய_லூப்:

தம்பி நல்ல கேள்வி. உங்க ரெண்டாவது கேள்வில இருந்து ஆரம்பிக்கிறேன், ஏன்னா அந்த காலத்து ஹார்டுவேர் ஏன் அப்படி இருந்துச்சுன்னு கேட்டா பாதி பதில் அதுலதான் இருக்கு.

மொதல்ல வந்த மெஷினுங்க எதுவும் வால்வ தொடவே இல்ல. 1958ல லூசியானால ஸ்டெர்லிங்டன்னு ஒரு ஊர்ல இருந்த பவர் ஸ்டேஷன்ல டேஸ்ட்ராம் கம்பெனி மெஷின் வெச்சாங்க, அது ரீடிங்க எல்லாம் எடுத்து லாக் பண்ணி கண்காணிக்கிற வேலை மட்டும்தான். அடுத்தது டெக்சாகோவோட போர்ட் ஆர்தர் ரிஃபைனரி, டெக்சாஸ். 1956லயே ஸ்டடி ஆரம்பிச்சாங்க, 1959 மார்ச்ல ஆர்டபிள்யூ-300ங்குற மெஷின் அங்க பாலிமரைசேஷன் யூனிட்ட குளோஸ்டு லூப்ல (மெஷினே அளந்து மெஷினே திருத்துறது) எடுத்துகிச்சு. 26 ஃப்ளோ, 72 டெம்பரேச்சர், 3 பிரஷர், 3 காம்போசிஷன். அஞ்சு ரியாக்டருக்கு ஃபீட எப்படி பிரிச்சு குடுத்தா லாபம், ரீசைக்கிள் எவ்ளோ வேணும், இதுதான் அதோட கணக்கு. சுமார் 30 ஆள்-வருஷ உழைப்பு அந்த ஒரு யூனிட்டுக்கே போச்சு.

ஆனா குளோஸ்டு லூப்னதும் நம்ம டிசிஎஸ் மாதிரி நினைச்சுக்காதீங்க. ஒவ்வொரு லூப்லயும் பழைய கன்ட்ரோலர் அப்படியே பேனல்ல உக்காந்து தன் பிஐடி (எரர வெச்சு வால்வ எவ்ளோ திருப்பணும்னு போடுற கணக்கு) வேலைய பாத்துக்கிட்டே இருக்கும், கம்ப்யூட்டர் பண்றது அதோட செட்பாயின்ட்ட (இருக்க வேண்டிய அளவ) நகர்த்துறது மட்டும்தான். கம்ப்யூட்டர் படுத்தா என்ன ஆகும்? ஒண்ணும் ஆகாது, கன்ட்ரோலர் கடைசியா கிடைச்ச செட்பாயின்ட்ல நிக்கும், ஆப்பரேட்டர் கையால மாத்திக்குவாரு. இது பயந்தாங்கொள்ளித்தனம் இல்ல. 1958 வாக்குல ஒரு டிபிகல் மெஷினோட சிபியூ 50ல இருந்து 100 மணி நேரத்துக்கு ஒரு தடவ பழுதாகும். வாரத்துக்கு ரெண்டு தடவ சாகுற ஒண்ணுக்கிட்ட யாரு வால்வ குடுப்பா?

ஸ்பீடும் அதே லட்சணம்தான். ரெண்டு நம்பர கூட்ட 1 மில்லிசெகண்ட், பெருக்க 20 மில்லிசெகண்ட். ஒரு பிஐடிக்கு குறைஞ்சது மூணு பெருக்கல் வேணும், அதுவே 60 மில்லிசெகண்ட், நூத்தி சொச்சம் லூப்னா ஒரு சுத்து சுத்தி வர ஏழெட்டு செகண்ட் ஆயிடும். டெம்பரேச்சருக்கு ஓகே, 20 செகண்டுக்கு ஒரு தடவ பாத்தா போதும், ஆனா ஃப்ளோ லூப்ப செகண்டுக்கு ஒரு தடவயாவது பாத்தே ஆகணும். 1962ல பெருக்கல் 1 மில்லிசெகண்டுக்கு இறங்கிச்சு, பழுது இடைவெளி 1000 மணி நேரத்துக்கு ஏறிச்சு. அதே வருஷம் இங்கிலாந்துல ஐசிஐ கம்பெனி ஃப்ளீட்வுட் சோடா ஆஷ் பிளான்ட்ல ஃபெரான்டி ஆர்கஸ் 200 வெச்சாங்க, 224 அளவுகள படிச்சு 129 வால்வ நேரா அந்த மெஷினே ஓட்டிச்சு. அனலாக் கன்ட்ரோலர் வரிசைய தூக்கிட்டு அந்த இடத்துல ஒரே கம்ப்யூட்டர். இதத்தான் டைரக்ட் டிஜிட்டல் கன்ட்ரோல், டிடிசின்னு சொன்னாங்க. ஏன் 1959ல வரல ஏன் 1962ல வந்துச்சுங்குறதுக்கு மேல சொன்ன ரெண்டு நம்பரே போதும்.

அந்த ஆர்கஸ்ல ஒரு விசேஷம் இருக்கு, சொல்லாம இருக்க முடியல. அது பிளட்ஹவுண்ட் ஏவுகணைக்காக டெவலப் பண்ண மெஷினோட வழில வந்தது, புரோகிராம் மெமரின்னா ஒரு தட்டு முழுக்க ஓட்டை, அதுல சின்ன சின்ன ஃபெரைட் குச்சிய சொருகணும், குச்சி இருந்தா ஒரு பிட், இல்லன்னா இன்னொரு பிட். கரண்ட் போனாலும் புரோகிராம் போகாது, மெஷின் பைத்தியம் பிடிச்சு தன் புரோகிராம தானே அழிக்கவும் முடியாது, ஏன்னா எழுதுறதுக்கு வழியே கிடையாது, கைதான். இன்னிக்கு பாத்தா சிரிப்பா இருக்கும், ஆனா சோடா ஆஷ் பிளான்ட்டுக்கு அதவிட நம்பகமான மெமரி அப்போ எதுவும் இல்லன்னு நான் நினைக்கிறேன்.

கோர்_மெமரி:

லூப் சார் பெரிய படத்த போட்டுட்டாரு, நான் அந்த 4கே விஷயத்துக்கு வரேன்.

4கேல எப்படி அடங்கிச்சுன்னா, அடக்கினாங்க, அவ்ளோதான். ஆப்பரேட்டிங் சிஸ்டம் கிடையாது, ஃப்ளோட்டிங் பாயின்ட் கிடையாது, எல்லாம் அசெம்ப்ளி, எல்லாம் முழு எண். பிஐடி ரொட்டீன் ஒண்ணே ஒண்ணுதான் இருக்கும், ஒவ்வொரு லூப்புக்கும் ஒரு சின்ன டேபிள், அதுல செட்பாயின்ட், பழைய எரர், கெயின், லிமிட், இன்புட் நம்பர், அவுட்புட் நம்பர், ஒரு பத்துப் பதினஞ்சு வேர்டு. நூறு லூப்னா 1500 வேர்டு. மிச்சத்துல ஸ்கேன் புரோகிராம், அலாரம், டெலிடைப்ல பிரிண்ட் அடிக்கிற பகுதி. நூறு லூப்புக்கு நூறு புரோகிராம் இல்ல, புரோகிராம் ஒண்ணு டேட்டா நூறு, உங்க டிசிஎஸ்ல ஃபங்ஷன் பிளாக்குன்னு இன்னிக்கு இழுத்து போடுறீங்களே அதோட வேரே இங்கதான் இருக்கு.

12 பிட்டுங்குறது ஏடிசிக்கு (சிக்னல எண்ணா மாத்துற சர்க்யூட்) தாராளம், 0ல இருந்து 4095 வரைக்கும், பிளான்ட் டிரான்ஸ்மிட்டரோட துல்லியத்துக்கு அதுவே ஜாஸ்தி. ஆனா கணக்குக்கு பத்தாது, இங்கதான் நெறைய பேரு அடி வாங்கினாங்க. ஒரு செகண்டுக்கு ஒரு தடவ ஓடுற லூப், இன்டெக்ரல் (எரர கொஞ்சம் கொஞ்சமா சேத்துக்கிட்டே வர்ற பகுதி) டைம் 20 நிமிஷம், அதாவது 1200 செகண்ட்னு வைங்க, கெயின் 1. ஒவ்வொரு செகண்டும் இன்டெக்ரலுக்கு சேர வேண்டியது எரர்ல 1200ல ஒரு பங்கு. எரர் 1200 கவுன்ட்ட விட கம்மின்னா அந்த பங்கு ஒண்ண விட சின்னது, பின்னத்த வெட்டி எறியுற கணக்குல அது பூஜ்யம். 4096ல 1200ன்னா கிட்டத்தட்ட 29 சதவீதம், அதாவது 29 சதவீத எரர் வரைக்கும் இன்டெக்ரல் அசையவே அசையாது, ஆப்பரேட்டர் டியூனிங்க மாத்தி மாத்தி பாப்பாரு, ஆஃப்செட் (தீராம நிக்குற எரர்) அப்படியே நிக்கும், யாருக்கும் காரணம் புரியாது. இதுக்கு வழி ரெண்டு வேர்ட சேத்து 24 பிட்டா இன்டெக்ரல வெச்சுக்கிறது, இல்ல வெட்டின மீதிய பத்திரமா வெச்சு அடுத்த தடவ சேத்துக்கிறது. ரெண்டும் மெமரியயும் நேரத்தையும் தின்னும். அதுவும் பிடிபி-8 பேசிக் மாடல்ல பெருக்கல் இன்ஸ்ட்ரக்ஷனே கிடையாது, தனி ஆப்ஷன் போர்டு காசு குடுத்து வாங்கணும், இல்லன்னா ஷிஃப்ட்டும் கூட்டலும் வெச்சு புரோகிராம்ல பெருக்கிக்கணும்.

அப்புறம் புரோகிராம் ஏத்துறது. ஏஎஸ்ஆர்-33 டெலிடைப்ல பேப்பர் டேப், செகண்டுக்கு 10 எழுத்து. பிடிபி-8 பைனரி டேப்ல ஒரு வேர்டுக்கு ரெண்டு வரிசை ஓட்டை, 4096 வேர்டுக்கு 8192 வரிசை, முழு மெமரிய நிரப்ப 14 நிமிஷம் கிட்ட ஆகும், அதுக்கு முன்னாடி முன் பேனல் சுவிட்ச தட்டி தட்டி லோடர கையால போடணும். பிளான்ட் நிக்குது, ஷிஃப்ட் இன்சார்ஜ் பின்னாடி நிக்குறாரு, டேப் டக்கு டக்குனு ஓடுது, நெனச்சு பாருங்க.

அதனாலதான் கோர் மெமரி அவ்ளோ முக்கியம் ஆச்சு. காந்த வளையம், கரண்ட் போனாலும் பிட் அப்படியே இருக்கும். கரண்ட் இறங்க ஆரம்பிச்சதும் பவர் சப்ளைல இருந்து ஒரு இன்டரப்ட் (ஓடுற வேலைய நிறுத்தி கவனிக்க வைக்குற சிக்னல்) வரும், கெப்பாசிட்டர்ல மிச்சம் இருக்குற சார்ஜ்ல சில மில்லிசெகண்ட் ஓடும், அதுக்குள்ள ரெஜிஸ்டர எல்லாம் கோர்ல எழுதிட்டு நின்னுடணும். கரண்ட் திரும்ப வந்தா விட்ட இடத்துல இருந்து ஆரம்பிக்கலாம், டேப் வேண்டாம். அதுக்கு முன்னாடி இருந்த டிரம் மெமரிலயும் டேட்டா போகாதுதான், ஆனா அது சுத்துற சாமான், வேண்டிய வேர்டு ஹெட்டுக்கு கீழ வர்ற வரைக்கும் காத்துக்கிட்டு நிக்கணும், ஆர்டபிள்யூ-300 டிரம் மெஷின்தான்.

டிரெண்ட்_பேனா:

அந்த 29 சதவீதம் கணக்கு சூப்பர் சார், நான் காகிதத்துல போட்டு பாத்தேன், சரியா வருது. ஆனா ஒண்ணு கேக்கணும், 224 சிக்னல ஒரு மெஷின் படிக்குதுன்னா 224 ஏடிசியா இருந்துச்சு? அதுவும் தெர்மோகப்பிள் மில்லிவோல்ட் சிக்னல், பக்கத்துல மோட்டார் கேபிள் ஓடும், நாங்களே இன்னிக்கு நாய்ஸோட மல்லுக்கட்டுறோம்.

மார்ஷலிங்:

இது நம்ம ஏரியா. ஏடிசி ஒண்ணுதான் இருக்கும், அதிகபட்சம் ரெண்டு. ஒரு ஏடிசி அன்னிக்கு ஒரு ரேக்ல பாதி, விலையும் அப்படித்தான், அதனால எல்லா சிக்னலையும் மல்டிபிளெக்சர் வழியா வரிசையா ஒரே ஏடிசிக்கு கொண்டு போவாங்க. அந்த மல்டிபிளெக்சர் ரிலேங்க, நிஜ ரிலே, டக் டக்குனு சத்தம் போடுற ரிலே. மெஷின் ரூமுக்குள்ள போனா அந்த சத்தத்த வெச்சே ஸ்கேன் ஓடுதா இல்லையான்னு சொல்லிடுவாங்க.

ஏன் டிரான்சிஸ்டர் சுவிட்ச் போடலன்னு கேப்பீங்க. கே டைப் தெர்மோகப்பிள் ஒரு டிகிரிக்கு 41 மைக்ரோவோல்ட்தான் குடுக்கும். அந்த காலத்து டிரான்சிஸ்டர் சுவிட்ச் தானே அதவிட பல மடங்கு ஆஃப்செட் போட்டுடும். அதவிட பெரிய தலைவலி காமன் மோடு. தெர்மோகப்பிள் முனை அந்த பக்கம் ஃபர்னஸ் உடம்புல ஒட்டிக்கிட்டு இருக்கும், கம்ப்யூட்டர் கிரவுண்ட் இந்த பக்கம் கன்ட்ரோல் ரூம்ல, ரெண்டு கிரவுண்டுக்கும் நடுவுல வோல்ட் கணக்குல வித்தியாசம் ஆடிக்கிட்டே இருக்கும், அதுக்கு மேல உங்க 41 மைக்ரோவோல்ட் சவாரி பண்ணணும்.

இதுக்கு போட்ட வழிதான் ஃப்ளையிங் கெப்பாசிட்டர், எனக்கு ரொம்ப பிடிச்ச சர்க்யூட். ஒவ்வொரு சிக்னலுக்கும் ஒரு கெப்பாசிட்டர். சும்மா இருக்கும்போது ரிலே அத ஃபீல்டு ஒயரோட சேத்து வெச்சிருக்கும், சிக்னல் வோல்டேஜுக்கு சார்ஜ் ஆகிக்கிட்டே இருக்கும். அந்த சேனலோட முறை வந்ததும் ரிலே புரளும், கெப்பாசிட்டர் ரெண்டு காலையும் ஃபீல்டுல இருந்து பிடுங்கிக்கிட்டு ஏடிசி பக்கம் போய் ஒட்டிக்கும். ஒரு நொடிகூட ஃபீல்டும் ஏடிசியும் நேரா தொட்டுக்கிறதே இல்ல, அதனால கிரவுண்ட் வித்தியாசம் எவ்ளோ இருந்தாலும் அந்த பக்கமே நின்னுடும். ஆம்ப்ளிஃபையர் இல்ல, டிரான்ஸ்ஃபார்மர் இல்ல, ஒரு கெப்பாசிட்டர், ஒரு ரிலே. ஐசொலேஷன் முடிஞ்சுது. கூட ஒரு ரெசிஸ்டர் போட்டா ஃபில்டரும் ஆச்சு.

ரிலேக்கு ஆயுசு? செகண்டுக்கு ஒரு தடவ அடிச்சா வருஷத்துக்கு 3 கோடியே 15 லட்சம் அடி. சாதா ரிலே ஒரு வருஷம்கூட தாங்காது. அதனால பாதரசம் நனைச்ச ரீட் ரிலே போட்டாங்க, கான்டாக்ட் மேல எப்பவும் பாதரசம் படிஞ்சிருக்கும், தேயாது, பவுன்ஸ் கிடையாது. ஆனா கார்ட நேரா நிமித்தித்தான் மாட்டணும், சாச்சு மாட்டினா பாதரசம் ஓடி கான்டாக்ட் ஒட்டிக்கும். ஸ்பீடு செகண்டுக்கு நூறு இருநூறு பாயின்ட், பிராசஸுக்கு அது போதும்.

மோட்டார் கேபிள் ஹம் பத்தி கேட்டீங்க. அதுக்கு இன்டெக்ரேட்டிங் ஏடிசி. சிக்னல சரியா ஒரு மெயின்ஸ் சைக்கிள் நேரத்துக்கு, 50 ஹெர்ட்ஸ்னா 20 மில்லிசெகண்டுக்கு, கூட்டிக்கிட்டே போகும். ஹம் அந்த நேரத்துக்குள்ள ஒரு தடவ மேல போய் ஒரு தடவ கீழ வந்திருக்கும், மொத்தம் கூட்டினா பூஜ்யம். சிக்னல் மட்டும் மிஞ்சும். ஆனா ஒரு ரீடிங்குக்கு 20 மில்லிசெகண்ட் போயிடும், செகண்டுக்கு 50க்கு மேல முடியாது, அதனால 4-20 மில்லிஆம்ப் சிக்னலுக்கு எல்லாம் 250 ஓம் ரெசிஸ்டர்ல 1-5 வோல்ட் ஆக்கி வேகமான ஏடிசிக்கும், மில்லிவோல்ட்டுக்கு மட்டும் மெதுவான ஏடிசிக்கும் பிரிச்சு விடுவாங்க. என்ன கேட்டா அந்த கால மெஷின்ல சிபியூதான் சின்ன சாமான், விலையும் வேலையும் வயரும் இன்புட் அவுட்புட் கேபினட்லதான். இன்னிக்கும் அப்படித்தானே, டிசிஎஸ் ஆர்டர்ல கன்ட்ரோலர் விலையையும் ஐஓ கேபினட் விலையையும் பக்கத்துல வெச்சு பாருங்க.

ரிலே_கிறுக்கன்:

மூணாவது கேள்விய யாரும் தொடல, நான் எடுத்துக்கிறேன். உங்க கூட வேலை பாக்குறவர் சொல்றது பாதி சரி பாதி தப்பு.

டிசிஎஸ் டிடிசியோட வாரிசுதான், சந்தேகமே இல்ல. பிஎல்சி வேற குடும்பம். அது ரிலே பேனலோட வாரிசு. 1968ல ஜெனரல் மோட்டார்ஸோட ஹைட்ராமேட்டிக் டிவிஷன் டிரான்ஸ்மிஷன் ஃபேக்டரி, ஒவ்வொரு தடவ மாடல் மாறும்போதும் ரிலே பேனல பிச்சு எறிஞ்சுட்டு புதுசா ஒயரிங் போடணும், மாசக்கணக்கா வேலை நிக்கும். அவங்களுக்கு வேண்டியது பிஐடி இல்ல, ஆன் ஆஃப் லாஜிக், அதுவும் எலக்ட்ரீஷியன் படிக்கிற மாதிரி. டிக் மார்லி குரூப், பெட்ஃபோர்டு அசோசியேட்ஸ், மாடிகான் 084 பண்ணாங்க, அவங்களோட 84வது புராஜெக்ட் அதனால அந்த நம்பர். அது கம்ப்யூட்டர் மாதிரி இருக்கக்கூடாதுன்னே பிளான் பண்ணி பண்ணாங்க. ஃபேன் கிடையாது, வெளிக்காத்து உள்ள போகாது, லேடர்ல (ரிலே வரைபடம் மாதிரி இருக்குற மொழில) புரோகிராம்.

மினிகம்ப்யூட்டர் கம்பெனியும் சும்மா இல்ல, பிடிபி பண்ண டெக் கம்பெனி அதே காலத்துல பிடிபி-14னு ஒண்ணு விட்டாங்க, கூட்டல் கழித்தலே தெரியாத மெஷின், பூலியன் (ஆமா இல்ல) லாஜிக் மட்டும், புரோகிராம் ஒயர் பின்னின ரீட் ஒன்லி மெமரில. லைன்ல ஒரு லிமிட் சுவிட்ச சேக்கணும்னா அங்கேயே மாத்திக்க முடியாது, மெமரிய திரும்ப பின்னணும். யாரு வாங்குவா? மார்லி மெஷின்ல எலக்ட்ரீஷியன் நின்ன இடத்துல மாத்திக்கலாம். ஸ்பெக்க வெச்சு பாத்தா டெக் கம்பெனி பெரிய யானை, ஆனா ஷாப் ஃப்ளோர் ஆளு யாருன்னு அவங்களுக்கு தெரியல, தோத்துட்டாங்க.

ஒரு சுவாரசியம் மட்டும் சேத்துக்குறேன், மினிகம்ப்யூட்டரே பிராசஸ் வேலையில இருந்து வந்ததுதான்னு ஒரு விதத்துல சொல்லலாம். பிடிபி-8க்கு முன்னாடி 1963ல வந்த பிடிபி-5, கனடால சாக் ரிவர் அணு உலைல சிக்னல் எடுத்து பெரிய மெஷினுக்கு குடுக்க ஒரு முன் பெட்டி கேட்டாங்க, தனி சர்க்யூட் பண்றதுக்கு பதிலா சின்ன கம்ப்யூட்டராவே பண்ணிடலாம்னு பண்ணதுதான் அது. அதுல ஏடிசிய உள்ளயே வெச்சாங்க.

நியூமேட்டிக்_தாத்தா:

எல்லாரும் பெருமையா பேசுறீங்க, நான் கொஞ்சம் தண்ணி ஊத்துறேன். 3-15 பிஎஸ்ஐ காத்துல ஓடின கன்ட்ரோலருக்கு கரண்டே வேண்டாம், மின்னல் அடிச்சாலும் கவலை இல்ல, எரியுற கேஸ் பக்கத்துல வெச்சாலும் பொறி வராது. ஒண்ணு செத்தா ஒரு லூப் சாகும். டிடிசி வந்து என்ன பண்ணிச்சு, 129 லூப்பையும் ஒரே பெட்டில போட்டு அந்த பெட்டி செத்தா 129ம் சாகுற மாதிரி பண்ணிச்சு. ரிஃபைனரிக்கு பக்கத்துல கம்ப்யூட்டர் வெச்சா ஹைட்ரஜன் சல்ஃபைடு காத்துல வெள்ளி கான்டாக்டும் செம்பும் கருத்து போகும், அதுக்கு ஏசி ரூம், உள்ள பிரஷர், ஃபில்டர். இவ்ளோ செலவு பண்ணி கிடைச்சது என்ன?

பழைய_லூப்:

தாத்தா நீங்க கிண்டலா சொன்னாலும் அது 60கள்ல எல்லாருமே கேட்ட கேள்வி, டிடிசி தடுமாறினதும் அதே இடத்துலதான்.

கணக்கு இப்படித்தான் போட்டாங்க: அனலாக் கன்ட்ரோலர் விலை லூப்புக்கு இவ்ளோ, லூப் ஏற ஏற விலையும் ஏறும். கம்ப்யூட்டர் விலை ஆரம்பத்துல பெருசு, அப்புறம் லூப் சேத்தா கொஞ்சம்தான் கூடும். ஒரு அளவுக்கு மேல கம்ப்யூட்டர் மலிவு. காகிதத்துல பிரமாதம். ஆனா பிளான்ட் மேனேஜர் கேப்பாரு, கம்ப்யூட்டர் போனா? சரி, முக்கியமான லூப்புக்கு மட்டும் பேக்கப் அனலாக் கன்ட்ரோலர் வெச்சுக்கலாம். எது முக்கியம்? எல்லா ஆப்பரேட்டரும் என் லூப் முக்கியம்னு சொல்வாரு. கடைசில பாதி லூப்புக்கு மேல பேக்கப் வந்துடும், மிச்சம் பண்ண காசு எல்லாம் அங்க போயிடும்.

இன்னொரு வழி ரெண்டு கம்ப்யூட்டர். கனடால பிக்கரிங் அணுமின் நிலையத்துல ஒவ்வொரு யூனிட்டுக்கும் ரெண்டு ஐபிஎம் 1800, ஒண்ணு ஓட்டும் இன்னொண்ணு ரெடியா நிக்கும். அணு உலைக்கு அந்த செலவு கட்டுபடியாகும், சோப்பு ஃபேக்டரிக்கு ஆகாது. ஐபிஎம் 1800 நல்லா யோசிச்சு பண்ண மெஷின், ஒவ்வொரு 16 பிட் வேர்டுக்கும் பக்கத்துல ஒரு பேரிட்டி பிட் (தப்ப கண்டுபிடிக்க), இன்னொரு பிட் எழுதாம தடுக்குறதுக்கு, அந்த பிட் போட்ட வேர்ட சாதா புரோகிராம் தொட முடியாது. பேக்கிரவுண்டுல யாராவது ரிப்போர்ட் புரோகிராம் ஓட்டி தப்பு பண்ணாலும் கன்ட்ரோல் புரோகிராம் அழியாது. ஆர்கஸ் குச்சி பண்ண அதே வேலை, நாகரிகமா.

சின்ன ஹார்டுவேர் தந்திரம் ஒண்ணு இருக்கு, அது இல்லன்னா டிடிசியே இல்லன்னு சொல்வேன். வால்வுக்கு முழு பொசிஷன் அனுப்பாம மாத்த வேண்டிய அளவ மட்டும் அனுப்புறது, வெலாசிட்டி அல்கரிதம்னு பேரு. கம்ப்யூட்டர் இத்தன பல்ஸ் மேல, இத்தன பல்ஸ் கீழன்னு அனுப்பும், ஸ்டெப்பர் மோட்டாரோ ஹோல்டு சர்க்யூட்டோ அத சேத்து வெச்சுக்கும். கம்ப்யூட்டர் செத்தா பல்ஸ் வராது, பல்ஸ் வரலன்னா வால்வு இருக்குற இடத்துலயே நிக்கும். பூஜ்யத்துக்கு ஓடிப்போகாது. மெமரி வால்வு பக்கத்துல இருக்கு, கம்ப்யூட்டர்ல இல்ல. ஆட்டோ மேனுவல் மாத்தும்போது குலுங்காம மாறுறதும் இதுல இலவசமா கிடைச்சுது.

அப்புறம் மைக்ரோபிராசசர் வந்ததும் தாத்தாவோட கேள்விக்கு ஹார்டுவேர்லயே பதில் வந்துச்சு. 1975ல ஹனிவெல் டிடிசி 2000, அதே வருஷம் யோகோகாவா சென்டம். (பேரு குழப்பும், இந்த டிடிசி வேற, மேல சொன்ன டிடிசி வேற.) ஹனிவெல் பெட்டி ஒண்ணு 8 லூப், அவ்ளோதான். பெட்டிகள ஒரு டேட்டா ஹைவேல கோத்துட்டாங்க. ஒரு பெட்டி செத்தா 8 லூப் போகும், 129 போகாது. அப்போ 8 லூப்னு போட்டது பிராசசர் வேகத்துக்காக மட்டும் இல்ல, ஒரு ஆப்பரேட்டர் கையால ஒரே நேரத்துல எத்தன லூப்ப தாங்குவாருங்குறதும் அந்த நம்பர்ல இருக்குன்னு எனக்கு தோணும், இது என் ஊகம்தான்.

டிரெண்ட்_பேனா:

இப்போ புரியுது, டிசிஎஸ்ல டிஸ்ட்ரிபியூட்டட்ங்குற சொல்ல நான் சும்மா நெட்வொர்க்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன். கடைசியா ஒண்ணு, கம்ப்யூட்டர் செத்துதுன்னு பேக்கப்புக்கு எப்படி தெரியும்? கரண்ட் போனா சரி, ஆனா ஹேங் ஆனா? ஹேங் ஆன மெஷின் தான் ஹேங் ஆனேன்னு சொல்லாதே.

மார்ஷலிங்:

வாட்ச்டாக். சிபியூவுக்கு வெளிய தனி கார்டு. புரோகிராம் ஒவ்வொரு ஸ்கேன் முடியும்போதும் அதுக்கு ஒரு பல்ஸ் குடுக்கணும், அந்த பல்ஸ் ஒரு கெப்பாசிட்டர சார்ஜ் பண்ணும், அந்த சார்ஜ்லதான் ஒரு ரிலே பிடிச்சுக்கிட்டு நிக்கும். பல்ஸ் நின்னா சார்ஜ் இறங்கி ரிலே விழும், விழுந்தா அவுட்புட் எல்லாம் அப்படியே உறையும், பேக்கப் கன்ட்ரோலர் எடுத்துக்கும், மணி அடிக்கும். கவனிங்க, ரிலே விழுறதுக்கு யாரும் ஒண்ணும் பண்ண வேண்டியதில்ல, பிடிச்சு வெச்சிருக்கத்தான் வேலை வேணும். பல்ஸ் ஹை லோ மாறிக்கிட்டே இருந்தாத்தான் சார்ஜ் ஏறும், அவுட்புட் பிட் ஹைலயே மாட்டிக்கிச்சுன்னா ஏமாறாது.

கோர்_மெமரி:

அதுல ஒண்ணு சேத்துக்குங்க. அந்த பல்ஸ கிளாக் இன்டரப்ட் ரொட்டீன்ல இருந்து குடுக்கவே கூடாது. மெயின் புரோகிராம் எங்கயோ லூப்ல மாட்டிக்கிட்டு சுத்தும், கிளாக் இன்டரப்ட் மட்டும் ஒழுங்கா வந்துக்கிட்டே இருக்கும், வாட்ச்டாக் சந்தோஷமா இருக்கும், வால்வு மட்டும் அசையாது. பல்ஸ் கடைசி லூப்போட அவுட்புட் போன பிறகுதான் போகணும். இன்னும் ஜாக்கிரதையான ஆளுங்க ஒரு அனலாக் அவுட்புட்ட எடுத்து நேரா ஒரு அனலாக் இன்புட்டுல கோத்து, எழுதினது அப்படியே திரும்ப படிக்குதான்னு பாத்துட்டு, சரியா இருந்தாத்தான் பல்ஸ் குடுப்பாங்க, அப்போ மல்டிபிளெக்சர் ரிலே, ஏடிசி, அவுட்புட் கார்டு எல்லாம் சேந்து செக் ஆயிடும்.

டிரெண்ட்_பேனா:

அந்த லூப்பேக் ஐடியா நல்லா இருக்கு சார், எங்க கேபினட்ல ஸ்பேர் சேனல் ரெண்டு சும்மாத்தான் கிடக்கு, மேனேஜ்மென்ட் ஆஃப் சேஞ்ச் (பிளான்ட்ல எதையும் மாத்த வாங்குற அனுமதி) பேப்பர் போட்டு பாக்குறேன்.

நியூமேட்டிக்_தாத்தா:

பேப்பர் பாஸ் ஆனா சொல்லுங்க. லூப்பேக் பண்ற சேனல மார்ஷலிங்ல (ஃபீல்டு ஒயர் எல்லாம் சேர்ற கேபினட்ல) டேக் போட்டு வைங்க, இல்லன்னா அடுத்த ஷட்டவுன்ல எவனாவது ஸ்பேர்னு நினைச்சு ஒயர உருவிடுவான்.